ஒன்றரை நாள் லீவு

கடிதத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதைக் கொண்டுவந்த விதத்தைப் பார்த்துத்தான் வந்தது. எந்தக் காகிதத்தையும் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும் அவள் உதவியாளர் 'பென்சில்', இதை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, நேர் எதிரே வைத்து, வைத்த இடத்திலேயே நின்றாள்.

"என்னது?"

"பயிற்சிக் கடிதம்க்கா. மூணு நாள். பிரிவுப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு."

"வருஷா வருஷம் வர்றதுதானே. பைல்ல போடு."

வருஷா வருஷம் அவள் சொல்வதும் இதுதான். பென்சிலும் சரிக்கா என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இன்று போகவில்லை.

"இந்தத் தடவை நீங்களே போயிட்டு வந்துடுங்கக்கா."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பென்சிலை நிமிர்ந்து பார்த்தாள்.

நகர அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு என்றால் ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, அவள், அவளுக்கு உதவியாளராகப் பென்சில். இருபத்தாறு வருடங்களாக இந்த ஊரில் யார் வந்தாலும் போனாலும் அவள் கையெழுத்து இல்லாமல் வந்ததாகவோ போனதாகவோ ஆகாது. அலமாரிச் சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கும். அதனால் முகத்துக்கு நேரே 'சாவியக்கா', முதுகுக்குப் பின்னால் வெறும் 'சாவி'. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

பென்சில் வந்து எட்டு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. பக்கவாட்டில் நின்றால் ஆளைவிடக் காதில் சொருகியிருக்கும் பென்சில்தான் முதலில் கண்ணில் படும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுவே அவளுக்கு உறுத்தல். குறையே இல்லாத ஒருத்தி எதற்காக எட்டு வருடமாக உதவியாளராகவே இருக்கிறாள்? எதற்கோ காத்திருக்கிறாள். எதற்கு என்று யோசித்தால், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தவிர அந்த அறையில் வேறொன்றும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை பென்சில் வந்து லீவு கேட்பாள். மூன்று நாள் வேண்டும் என்பாள். அவள் ஒன்றரை நாள் கொடுப்பாள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பென்சில் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருவாள். செருப்பெல்லாம் புழுதி, கையில் கசங்கிய பஸ் டிக்கெட். எங்கே போனாய் என்றால், "ஒரு வேலைக்கா" என்று மட்டும் சொல்வாள். மேலிடத்தில் யாரையோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று அவள் முடிவுசெய்து ஐந்தாறு வருடம் ஆகிறது.

"நான் ஏன் போகணும்?" என்று கேட்டாள்.

"போகலைன்னா பிரச்சினை வரும்னு சொல்றாங்கக்கா."

"யார் சொல்றாங்க?"

"பொதுவா சொல்றாங்க." பென்சில் தரையைப் பார்த்தாள். "அப்புறம், ரெண்டாவது வரிசையில ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கும். அதுல மட்டும் உட்காராதீங்க. ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும், துணி கிழிஞ்சிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் பொதுவா சொன்னதுதான்க்கா."

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள். போக முடியாது என்று சொல்லத்தான் போனாள். அதிகாரி தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"போயிட்டு வாங்கம்மா. மூணு நாள்ல உலகம் நின்னுடாது."

உலகம் நின்றுவிடும் என்று அவள் பயப்படவில்லை. நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் அன்று முழுக்க யோசித்தாள்.

வீட்டில் அடுப்படி மாமியாருடையது. கூடத்து நாற்காலியும் ரேடியோவும் கணவருடையவை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். யாரும் பிடுங்கிக்கொண்டதல்ல, அவளும் கேட்டதில்லை. நான்கடிக்கு மூன்றடியில் ஒரு மேஜை, இன்னாருடைய இடம் என்று ஊரே சொல்லும்படி அவளுக்கு வாய்த்தது அந்த அலுவலகத்தில் மட்டும்தான். அதைச் சத்தமாகச் சொன்னால் அற்பமாகத் தெரியும் என்பதால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவரிடம் வேலையை மட்டும் சொன்னாள். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது.

"மூணு நாளும் கடையில உட்கார்ந்தபடியே பாருங்க. யார் வர்றாங்க, போறாங்க, என் சீட்டுல யார் உட்கார்றாங்க, எல்லாம் எனக்குத் தெரியணும்."

"வர்றவங்க கண்ணை டெஸ்ட் பண்றதா, உன் சீட்டைப் பார்க்கறதா?"

"ரெண்டையும் பண்ணுங்க."

கூடுதல் பாதுகாப்புக்கு அலமாரியைப் பூட்டி, முத்திரையையும் உள்ளே வைத்து, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினாள். சாவி இல்லாமல் அந்த நாற்காலியில் எவள் உட்கார்ந்தாலும் வெறும் நாற்காலியில்தான் உட்கார முடியும்.

பயிற்சி மையம் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். வாசலில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பதிவாளர் ஏதோ ஒரு பழைய பைலைப் புரட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். பைலைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"போன தடவைக்கு இப்ப கொஞ்சம் உடம்பு போட்டுட்டீங்க."

அவள் அந்த மனிதரை வாழ்நாளில் பார்த்ததில்லை. பேச்சுக் கொடுத்து எதையோ கறக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"இந்த வருஷத்துலேருந்து கையெழுத்து கிடையாது. கட்டைவிரலை இந்த மெஷின்ல வைங்க."

கட்டைவிரலையும் வாங்கிக்கொள்கிறார்கள். சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தது.

உள்ளே முப்பது நாற்காலிகள். இரண்டாவது வரிசை ஜன்னலோர நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். ஆணி இருந்தது. வெகுநேரம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியின் பெயர் கரும்பலகையில் எழுதியிருந்தது: 'பணிப் பகிர்வும் பரஸ்பர நம்பிக்கையும்'. பயிற்சியாளர் ஒரு கூடையை நீட்டி எல்லாருடைய போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். நம்பிக்கைக்குப் போன் எதற்கு இடைஞ்சல் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பின்பக்கமா சாயணும். இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு ஜோடியாக வந்தவர் வேறொரு ஊரின் தெருவிளக்கு ஆய்வாளர். நல்ல உயரம். முகத்தில் ஒரு நிரந்தரச் சோர்வு.

"சாயுங்க மேடம்."

"உங்களுக்கு முதுகுவலி இருக்கா?"

"லேசா இருக்கு."

"இதுக்கு முன்னாடி எத்தனை பேரைப் பிடிச்சிருக்கீங்க?"

"நாலு பேர்."

"எத்தனை பேரை விட்டிருக்கீங்க?"

ஆய்வாளர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கண்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"சார், எனக்கு இவரைத் தெரியாது. எப்படிச் சாயறது?"

"தெரியாதவங்களை நம்பறதுதாம்மா முதல் நிலை," என்றார் பயிற்சியாளர்.

"அப்ப தெரிஞ்சவங்களை நம்பறது?"

"அது கஷ்டம். கடைசி நாள் வரும்."

இடைவேளையில் ஒரு பெரியம்மா தட்டில் டீ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். ஆய்வாளர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு வராம இருந்துடக் கூடாது மேடம். ஒரு வருஷம் வரலைன்னா எச்சரிக்கை. ரெண்டு வருஷம் வரலைன்னா பிரிவுப் பொறுப்பைப் பிடுங்கி அடுத்தவங்ககிட்ட கொடுத்துடுவாங்க. எங்க ஊர்ல குடிநீர்ப் பிரிவுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு. இப்ப வாசல்ல டோக்கன் கொடுக்கறார்."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். ஆறு வருடமாக இந்தக் கடிதம் வருகிறது. ஆறு வருடமாகப் பைலில் போடச் சொல்லியிருக்கிறாள். ஓர் எச்சரிக்கைகூட வந்ததில்லை. ஏன் வரவில்லை? மறந்திருக்க மாட்டார்கள். சேர்த்து வைக்கிறார்கள். ஆறு வருடத்தையும் கட்டாகக் கட்டி, ஒரே நாளில் தலையில் இறக்கப் போகிறார்கள். அதற்குத்தான் கட்டைவிரல்.

மதியம் போன் கைக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க நடக்குது?"

"ஒண்ணும் இல்லை. ஒரு பத்து இருபது பேர் வரிசையில நிக்கறாங்க."

"சீட்டுல யாராவது?"

"இங்கேருந்து தெரியலை. உன் பென்சில் அலமாரியை ஒட்டி நிக்குது. யார்கிட்டயோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுது."

"உள்ளே போய்ப் பாருங்க."

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார்.

"போனேன். டீ கொடுத்தாங்க. நல்ல பசங்க."

"சீட்டைப் பார்த்தீங்களா?"

"டீ சூடா இருந்துச்சா, ஆத்திக் குடிச்சிட்டு அப்படியே வந்துட்டேன்."

மறுநாள் காலை பதினொரு மணி இடைவேளையில், கூடைக்குள் கை விட்டுத் திருட்டுத்தனமாகப் போனை எடுத்துப் பார்த்தாள். கணவரிடமிருந்து மூன்று செய்திகள். 'உன் மேஜையைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டார்கள்.' 'புது நாற்காலிகள் வந்து இறங்குகின்றன.' 'கையில் உளியோடு ஒருவர் உள்ளே போகிறார்.'

மூன்றாவதைப் படித்ததும் முடிவு செய்துவிட்டாள். போயே ஆக வேண்டும். ஆனால் எழுந்து போனால் வராத கணக்கு. போகவும் வேண்டும், போனதாகவும் ஆகக் கூடாது. யாரும் தடுக்க முடியாத, யாரும் கேள்வி கேட்கக் கூசுகிற காரணம் ஒன்று வேண்டும். இருபத்தாறு வருடமாக மேஜைக்கு எதிரே வந்து நின்றவர்களிடமெல்லாம் இருந்த காரணம்தான் அவள் நினைவுக்கு வந்தது.

"சார், எங்க மாமியார் தவறிட்டாங்க."

பயிற்சியாளர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "அடடா. எப்பம்மா?"

"இன்னைக்குக் காலையில பத்தேமுக்காலுக்கு. வயசு எழுபத்தெட்டு. பெண். இறந்த இடம் வீடு. காரணம் முதுமை."

வாய் தன்பாட்டுக்கு வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான், தான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பயிற்சியாளர் கலங்கிப்போய்விட்டார். இவ்வளவு ஒழுங்காக ஒருவர் பொய் சொல்ல முடியும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"உடனே கிளம்புங்கம்மா. ஒரே ஒரு விஷயம், கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு. நாளைக்கு வர்றப்ப இறப்புச் சான்றிதழ் ஒரு பிரதி கொண்டுவந்துடுங்க. நான் இந்த வருஷம்தான் இங்க பொறுப்புக்கு வந்தேன். பழைய கணக்கைப் பார்த்தா இந்த ஹால்லேருந்து மட்டும் முப்பத்தெட்டு மாமியார் போயிருக்காங்க. அதுல சில பேர் ஒரு தடவைக்கு மேல போயிருக்காங்க."

"சான்றிதழா?"

"உங்க ஊர் ஆபீஸ்ல வாங்கணும்." அவர் கடிதத்தைப் பார்த்தார். "அங்கே யார் கொடுப்பாங்க?"

"நான்தான்," என்றாள் அவள்.

"அப்ப சுலபமாப் போச்சு. இந்த நிலைமையில நீங்க எதையும் சுமக்க வேண்டாம். உங்க ஆபீஸுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் அவர் எண்களை அழுத்திவிட்டார்.

பஸ் அன்றைக்கென்று எல்லா நிறுத்தத்திலும் நின்றது. அவள் நேராக அலுவலகத்துக்குத்தான் போனாள். பிரிவு பூட்டியிருந்தது. கதவில் 'துக்கம்' என்று ஒரு தாள். வீட்டுக்கு ஓடினாள். வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். சுவரில் ஒரு மலர்வளையம் சாய்ந்திருந்தது. கூடத்து நடுவில், கணவரின் நாற்காலியில், கையில் டீக் கோப்பையோடு மாமியார் உட்கார்ந்திருந்தார். சுற்றி அதிகாரி, பென்சில், வரிப் பிரிவுக்காரர்கள்.

"வாம்மா," என்றார் மாமியார். "உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். நான் எத்தனை மணிக்குப் போனேன்னு இவங்க கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை."

கணவர் ஓரமாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான் கடையிலதான் இருந்தேன். ஆபீஸே மலர்வளையத்தோட வரிசையாப் போச்சு. யாரோ முக்கியமானவங்கன்னு நினைச்சு, மரியாதைக்குக் கடையைச் சாத்திட்டுப் பின்னாடியே வந்தேன். நம்ம தெருவுக்குள்ள திரும்பினப்பதான் லேசா ஒரு மாதிரி ஆச்சு."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். பென்சில் எழுந்தாள்.

"சார், சென்டர்ல ஆளை மாத்திச் சொல்லிட்டாங்க. அங்கே வேற ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் வந்திருக்காங்க, அவங்க மாமியாராம். இப்பதான் எனக்கு மெசேஜ் வந்துச்சு."

"அப்ப இவங்க ஏன் பாதியில வந்திருக்காங்க?"

"அந்த மேடத்துக்காக எல்லாரையும் மதியத்தோட விட்டுட்டாங்க சார். பாவம், அந்த அம்மா ரொம்ப நல்லவங்களாம்."

அதிகாரிக்குப் போன உயிர் வந்தது. போகும்போது மலர்வளையத்தைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வச்சுட்டுப் போங்க," என்றார் மாமியார். "பூ நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கண் இமைக்காமல், கை நடுங்காமல், இல்லாத ஒரு மேடத்தையும் அவளுக்கு ஒரு மாமியாரையும் நொடியில் படைத்துக் கொன்றுவிட்டாளே இந்தப் பெண். எட்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பொய்யில் இவ்வளவு கைதேர்ந்தவளா? எங்கே பழகினாள்? எதற்கு என்னைக் காப்பாற்றுகிறாள்? நாளைக்கு எதைக் கேட்பதற்காக?

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பென்சில் கிசுகிசுத்தாள்.

"அக்கா, மாமியார்னா சொன்னீங்க?"

"ஏன்?"

பென்சிலின் முகம் வெளுத்திருந்தது. "வேற யாரையாவது சொல்லியிருக்கலாமே. சித்தப்பா, பெரியப்பா... மாமியாரைப் போய்."

"உனக்கு என்ன அதுல?"

"ஒண்ணும் இல்லைக்கா. நாளைக்கு மட்டும் எப்படியாவது போயிடுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

எல்லாரும் போன பிறகு மாமியார் பூவைப் பிய்த்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. சீட்டுப் போயிடும்னு பயந்துட்டேன்."

"ஒரு நாற்காலிக்கு என்னைக் கொடுத்துட்டே."

"சட்டுனு வேற யாரும் ஞாபகத்துக்கு வரலை."

மாமியார் யோசித்தார். "அதுவும் சரிதான். என் பையனைச் சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்." பிறகு, "சான்றிதழ் வேணும்னா எழுதிக்கோ. ஆனா அடுத்த வாரம் எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும். அதுல குழப்பம் வராம பார்த்துக்கோ."

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே காவலாளியிடம் சொல்லி அலுவலகத்தைத் திறந்தாள். மேஜை வராந்தாவில்தான் கிடந்தது. புது நாற்காலிகள் அவள் இடத்தைப் பிடிக்க வந்தவையல்ல. அலமாரி திறக்காததால் நாள் முழுக்க நின்றவர்கள் உட்காரப் போட்டவை. உளிக்காரர் பூட்டை உடைக்க வந்திருக்கிறார். அவருக்கு வழிவிடத்தான் மேஜையை வெளியே தூக்கியிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணு விடலைங்க," என்றான் காவலாளி. "அலமாரி மேலே சாஞ்சுக்கிட்டு, அக்கா வராம யாரும் தொடக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம்."

அவளுடைய நாற்காலி சுவரோரமாக இருந்தது. அதன்மேல் பென்சிலின் கையெழுத்தில் ஒரு தாள்: 'இது அக்காவின் இடம். யாரும் உட்கார வேண்டாம்.'

அதை இரண்டு முறை படித்தாள். அருங்காட்சியகத்தில் காலமானவர்களின் நாற்காலியில்தான் இப்படி எழுதி வைப்பார்கள். தாளைக் கிழிக்கப் போனவள், ஏனோ மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்து இறப்புப் பதிவேட்டை எடுத்தாள். தேதி போட்டாள். 'இறந்தவர் பெயர்' என்ற கட்டத்துக்கு மேலே பேனா நின்றது.

அழுதுகொண்டே பெயரைச் சொன்னவர்களுக்காக எத்தனை முறை இந்தப் பேனாவை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, எழுத்துக் கூட்டச் சொல்லிக் காத்திருந்திருக்கிறாள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். இந்தப் புத்தகத்தை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. இதில் ஒரு வரி பொய்யானால் மற்ற வரிகளில் உள்ளவர்களெல்லாம் எழுந்து வந்து கேட்பார்கள் போல இருந்தது. வீட்டில் மாமியார் இந்நேரம் பல்செட்டைத் தேடிக்கொண்டிருப்பார். அவள் பேனாவை மூடினாள். தேதியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'தவறுதலாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் அடித்தல். அலமாரியைப் பூட்டவில்லை. சாவியைக் காவலாளியிடம் கொடுத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு வந்தா கொடுத்துடு. வரிசையில நிக்கறவங்க பாவம்."

"சார், எங்க மாமியார் சாகலை," என்றாள் பயிற்சியாளரிடம். "பொய் சொல்லிட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

பயிற்சியாளர் கணக்கு நோட்டை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

"முப்பத்தொம்பது மாமியார்ல திரும்பி வந்தது உங்களுது மட்டும்தாம்மா." கண்கட்டுத் துணியை நீட்டினார். "விட்ட அரை நாளை நான் பார்த்துக்கறேன். ஆனா இதை முடிக்காம சான்றிதழ் கிடையாது."

தெருவிளக்கு ஆய்வாளர் பின்னால் வந்து நின்றார். அவள் கண்ணைக் கட்டிக்கொண்டாள். கழுத்தில் சாவி இல்லாமல் லேசாக இருந்தது. 'ரெண்டு பேரைத்தான் விட்டேன் மேடம், ரெண்டு பேரும் குண்டு' என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. சாய்ந்தாள். ஒரு கணம் யாருமே இல்லை. பிறகு இரண்டு கைகளும், "அம்மா முதுகு" என்ற முனகலும்.

மதியத்துக்கு மேல் பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு அவள் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. வெளி பெஞ்சில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தாள். நம்பிக்கையில் தேறியிருப்பதாக அதில் போட்டிருந்தது. திங்கட்கிழமை முதல் வேலையாக, அந்த ஒன்றரை நாள் லீவில் பென்சில் எங்கேதான் போகிறாள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

டீ கொடுக்கும் பெரியம்மா கடைசிக் கோப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் புடவையில் குத்தியிருந்த பெயரட்டையைக் குனிந்து படித்தார்.

"ஓ, அந்த ஊர் பிறப்பு இறப்பா நீங்க? காதுல பென்சில் சொருகிக்கிட்டு ஒரு பொண்ணு ஆறு வருஷமா இந்தப் பேர்ல வருமே, கட்டைவிரல் மெஷின் வந்ததால நின்னுடுச்சா? ரெண்டாம் நாள் மதியம் ஆனா மாமியாரைச் சாகடிச்சிட்டுப் பஸ்ஸுக்கு ஓடும். உனக்குத்தான் கல்யாணமே ஆகலையேன்னு கேட்டா, 'எங்க அக்காவோட மாமியார்மா; வராம இருந்தா அக்காவுக்குச் சீட்டுப் போயிடும், வரச் சொன்னா அக்காவுக்கு உயிரே போயிடும், அதான் நானே வந்துட்டுப் போறேன், அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சந்தேகப்படுவாங்க'ன்னு சொல்லும்."